பழைய ஃபோர்ஜ்டு கோல்ஃப் பிளேடு அயர்ன்கள்: உப்புக்காற்று ஊரில் வாங்கி ஆடுவோருக்கு ஒரு மதிப்புரை

கோல்ஃபில் பந்தடிக்கும் கிளப்புகளில், அதாவது கோல்களில், இரும்புத் தலை உள்ளவை அயர்ன்கள்; அவற்றில் பின்புறம் குடையாத மெல்லிய தலை உள்ளவை பிளேடு. நம்பர் ஏற ஏறத் தூரம் குறையும். பழைய பிளேடு அயர்ன் செட் ஒன்று கைக்கு வருகிறதென்றால், ஏழாம் நம்பர் முதல் பிட்சிங் வெட்ஜ் (ஒன்பதுக்கு அடுத்த, குறுந்தூரத்துக்கான கிளப்) வரையிலான நான்கையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் ஆறும் உங்கள் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதைப் பொறுத்தவை. இரண்டு, மூன்று, நான்கு செட்டோடு வந்தால் வரட்டும். அவற்றுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். புதுச்சேரியிலும் கடலூரிலும் இருப்பவர்கள் இதோடு இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும்: இரும்பு எந்த நிலையில் இருக்கிறது, நம் ஊர்க் காற்றில் எத்தனை காலம் தாங்கும் என்பது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1960களிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்த செட்டுகள். வில்சன் ஸ்டாஃப், மெக்ரெகர், பென் ஹோகன், மிசுனோ ஆகியவைதான் அதிகம் கண்ணில் படும். மென்மையான கார்பன் எஃகுத் தண்டைப் பழுக்கக் காய்ச்சி, அச்சில் வைத்து அடித்து (ஃபோர்ஜ்டு என்பது இதைத்தான்), தேய்த்து எடை சரிசெய்து, மேலே நிக்கலும் குரோமும் முலாம் பூசிய தலைகள் இவை. பின்புறம் குடைவு கிடையாது. கீழ்ப்பாதியில் மட்டும் சற்றே சதை போட்டிருக்கும். கார்ஸ்டன் சோல்ஹைம் 1960களில் பிங் அயர்ன்களில் எடையை ஓரங்களுக்குத் தள்ளிய பிறகுதான் குடைவுள்ள அயர்ன்கள் பரவின. மொத்த எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஏழாம் நம்பர் தலை எதுவானாலும் 265 முதல் 270 கிராம் வரை இருக்கும். அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் வேறு. பிளேடில் அது முகத்தின் நடுவுக்குப் பின்னால் திரண்டிருக்கிறது, கழுத்து நீளமாக இருப்பதால் கொஞ்சம் குதிகால் பக்கமாகவும் சாய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் பட்டால் கையில் அதிர்வே தெரியாது. ஒரு சென்டிமீட்டர் நுனிப் பக்கம் விலகினால் தலை திரும்பும், பந்து குட்டையாக விழும், குளிர்காலக் காலை என்றால் விரல் எரியும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கிரிப்பை, அதாவது கைப்பிடியை, இரண்டு விரலால் பிடித்து கிளப்பைத் தொங்கவிட்டு, பந்தைத் தூக்கி வைக்கும் மர டீயின் முனையால் முகத்தை மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே தட்டினால் தலை முறுகாமல் நேராகப் பின்னால் போகிறதோ, அதுதான் இடம். ஆடும்போது எங்கே படுகிறது என்று பார்க்க, பந்தின் பின்புறம் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு பெரிய புள்ளி வையுங்கள். அடித்ததும் அந்தப் புள்ளி முகத்தில் ஒட்டும். துணியால் துடைத்தால் போய்விடும்.

முதல் முறை வாங்குபவர்கள் ஏமாந்து போவது நம்பரில்தான். பழைய செட்டின் ஏழும் புதுச் செட்டின் ஏழும் ஒரே கிளப் அல்ல. 1970களின் செட்டில் லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) ஏறத்தாழ இப்படி இருக்கும்: ஐந்தாம் நம்பர் 31 அல்லது 32 பாகை, ஏழு 39, ஒன்பது 47, பிட்சிங் வெட்ஜ் 50 முதல் 52. இன்று கடையில் கிடைக்கும் தொலைவு கூட்டும் செட்டுகளில் ஏழாம் நம்பரே 28 முதல் 30 பாகைதான். பிட்சிங் வெட்ஜ் 42 முதல் 44. பழைய ஏழு, புதிய ஒன்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நீளமும் அரை அங்குலம் குறைவு: பழைய ஏழு சுமார் 36.5 அங்குலம், இன்றைய ஏழு 37. ஆகவே புதிய ஏழில் 140 கஜம் அடிப்பவர் பழைய ஏழில் 120க்குச் சற்று மேலே நின்றால் ஆட்டம் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. தலையிலுள்ள எண்ணைப் பார்க்காமல், ஒவ்வொரு கிளப்பும் எத்தனை கஜம் போகிறது என்று ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகள் செட்டுக்குச் செட்டு மாறும். ஐம்பது வருடத்தில் யாராவது வளைத்திருக்கவும் கூடும். அதனால் வாங்கியதும் லாஃப்டும் லையும் (கோல் தரையோடு நிற்கும் சாய்வு) அளந்தாக வேண்டும். அடுத்தடுத்த கிளப்புக்கு இடையே 4 பாகை என்பது பொதுவான இடைவெளி. எங்காவது இரண்டு பாகையாகச் சுருங்கியோ ஆறாக விரிந்தோ இருந்தால் இரண்டு கிளப் ஒரே தூரம் போகும், அல்லது நடுவில் ஒரு ஓட்டை விழும்.

ஆட்டத்தில் இந்த அயர்ன்கள் தருவது கட்டுப்பாடு. அடிப்பகுதி ஒல்லி, முன்விளிம்பு கிட்டத்தட்ட நேர்க்கோடு, கழுத்துக்கும் முகத்துக்கும் இடையே பின்வாங்கல் மிகக் குறைவு. பந்துக்குப் பின்னால் வைத்ததுமே முகம் எங்கே பார்க்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளித் தாழ்வாக அடிப்பதும், முகத்தைத் திறந்து வலப்பக்கம் வளைப்பதும் தலை தடுக்காமல் வரும். புதுச் செட்டின் ஒன்பதாம் நம்பரில் முக்கால் வீச்சு அடித்தால் பந்து சில நேரம் நினைத்ததைவிட ஐந்தாறு கஜம் தாண்டிப் பாயும். பிளேடில் அந்தப் பாய்ச்சல் அரிது. எட்டு, ஒன்பது, வெட்ஜுக்கு நாங்கள் இத்தனை வலுவாகப் பரிந்துரை செய்வது இதனால்தான். அங்கே கேள்வி எத்தனை தூரம் என்பதல்ல, கொடிக்கம்பத்துக்கு எத்தனை அருகில் என்பது.

நீள அயர்ன்களில் கணக்குத் தலைகீழாகிறது. மூன்றாம் நம்பர் 23, 24 பாகைதான். எடை முகத்தின் நடு உயரத்தில் இருப்பதால் பந்தை மேலே தூக்க வேகம் வேண்டும். வேகம் போதாதவர்களுக்குப் பந்து தாழ்வாகப் போய், குழியைச் சுற்றியுள்ள கிரீனில் விழுந்தாலும் நிற்காமல் பின்னால் உருண்டுவிடும். 1950 அமெரிக்க ஓபனின் கடைசி ஹோலில், மெரியன் மைதானத்தில், ஆட்டக்காரர் பென் ஹோகன் ஒன்றாம் நம்பர் அயர்னால் கிரீனைத் தொட்ட படத்தைப் பார்க்காத கோல்ஃப் ரசிகர் குறைவு. அந்தப் படத்தை நினைத்துக்கொண்டு மூன்றாம் நம்பரை வாங்குபவர்கள் நிறைய. ஹோகனின் வேகமும், பந்தை நடுவில் சந்திக்கும் கையும் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் பருத்த தலையால் பந்தை எளிதில் தூக்கும் 21 பாகை ஹைப்ரிடோ குடைவுள்ள நான்காம் நம்பரோதான் சரி. பதினான்கு கிளப் வரம்புக்குள் எதை எதோடு கலந்தாலும் விதி தடுக்காது.

தரையும் பருவமும் இங்கே பெரிய விஷயம். நம் பக்கத்து ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இசிஆர் பிடித்துச் சென்னை நந்தனத்துக்குத்தான் போகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தரை இறுகி, புல் மெலிந்து, பந்து வெறும் மண்ணில் உட்கார்ந்தது போல இருக்கும். அகன்ற அடிப்பகுதி உள்ள கிளப் அந்தத் தரையில் எகிறிப் பந்தின் வயிற்றில் அடித்துவிடுகிறது. பிளேடு பந்துக்குக் கீழே சுத்தமாக நுழையும். வெயில் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான அயர்ன் எங்களுக்குத் தெரியாது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அதே கூர்விளிம்பு எதிரியாகிறது. பவுன்ஸ் (முன்விளிம்பை மண்ணில் புதையவிடாமல் தூக்கும் அடிப்பகுதியின் கோணம்) குறைவு என்பதால் ஈரமண்ணில் தோண்டிக்கொண்டு நிற்கும், பந்து பாதி தூரம் போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பந்தை அரைப் பந்து அளவு பின்னால் வைத்து ஆடிப்பாருங்கள். அப்படியும் தோண்டினால் வெட்ஜ் இரண்டை மட்டும் பவுன்ஸ் அதிகமுள்ள புது வகைக்கு மாற்றிவிடலாம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றில் முகத்தின் கோடுகள் முதலில். முன்னாள் உரிமையாளர் பயிற்சி செய்ததெல்லாம் ஏழு, எட்டு, ஒன்பதில்தான் இருக்கும். அதாவது நமக்கு வேண்டிய கிளப்புகள்தான் அதிகம் தேய்ந்திருக்கும். மூன்றாம் நம்பர் புதுசு போலப் பளபளக்கும். விற்பவர் மூன்றாம் நம்பரின் படத்தை அனுப்பினால் ஒன்பதின் படத்தைக் கேளுங்கள். நகத்தைக் கோடுகளுக்குக் குறுக்கே இழுத்தால் ஒவ்வொன்றிலும் தட்ட வேண்டும். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழவழப்பாக இருந்தால் முலாம் போய்க் கோட்டின் ஓரமும் மழுங்கிவிட்டது என்று பொருள். உலர்ந்த புல்லில் பந்து ஓரளவு நிற்கும், உயர்ந்த புல்லான ரஃபிலிருந்தும் ஈரத்திலிருந்தும் நிற்காது. கோடுகள் பற்றி 2010இல் வந்த கட்டுப்பாடு உயர்மட்டப் போட்டிகளுக்கானது. தங்கள் கோல்ஃப் மன்றத்துக்குள் ஆடுபவர்கள் அதை எண்ணிப் பழைய செட்டைத் தள்ள வேண்டாம்.

அடுத்து ஷாஃப்ட், அதாவது கோலின் தண்டு. கண்ணாடி மேசையில் ஓரத்தில் தலை தொங்க உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். பிறகு கிளப்பைத் தலைகீழாகப் பிடித்துக் காதருகே தட்டுங்கள். உள்ளே மணல் சரிவது போலச் சத்தம் வந்தால் ஷாஃப்ட் உள்ளிருந்து துருப்பிடித்து உதிர்கிறது. கிரிப்பின் நுனித் துளை வழியே ஈரக்காற்று இறங்குவதுதான் காரணம். வெளியே குரோம் மின்னிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கழுத்துக்கு மேலே முறிந்து தலை பறந்து போகும். சத்தம் வந்தால் ஷாஃப்ட் மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

காந்தத்தையும் எடுத்துப்போகலாம். கார்பன் எஃகு பலமாக இழுக்கும். ஒட்டவே ஒட்டாத தலை துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கலாம். வளைக்கப் போனால் உடையும். ஒட்டினால் மட்டும் ஃபோர்ஜ்டு என்று உறுதியாகாது, 17-4 வகை எஃகு வார்ப்பும் காந்தத்தில் ஒட்டும்.

துருவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குரோம் துருப்பிடிக்காது, ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மணற்குழியான பங்கரில் மணல் உரசிய கீறல்கள் வேறு. உப்பும் ஈரமும் அந்தத் துளை வழியே இறங்கி இரும்பைத் தொடுகின்றன, துரு குரோமுக்கு அடியில் பரவி மேலே கொப்புளமாக எழும்புகிறது. முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய தெருக்களில் இது கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களைவிட வேகமாக நடக்கும். கோல்ஃப் பையில் தலைகளுக்குப் போடும் துணி உறை இங்கே கெடுதல். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்போடு ஒட்டியே கிடக்கும்.

ஆடி முடித்ததும் நல்ல தண்ணீரில் தலையை மட்டும் கழுவி, நைலான் பிரஷ்ஷால் கோடுகளில் உள்ள மண்ணை எடுத்து, துடைத்து, மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் வையுங்கள். பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில் தடவித் தலை முழுக்கப் பூசினால் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம்; நாள்பட்டால் பிசுக்காகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கார் டிக்கியிலும் மாடி அறையிலும் வைக்காதீர்கள். மழை மாதங்களில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய இரும்பு அலமாரியில் வைப்பது நல்லது. பொட்டலங்களை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

வந்துவிட்ட மேல்துருவுக்கு அலுமினியத் தாள்தான் மருந்து. சமையலறைத் தாளில் உள்ளங்கையளவு கிழித்துச் சுருட்டி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மை, கீறாது, துரு மட்டும் கழன்று வரும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவது போலப் புளியோ, எலுமிச்சையும் உப்புமோ போடும் வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அமிலமும் உப்பும் நுண்துளைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த மாதம் துரு இரட்டிப்பாக வரும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் ஆகாது. மிக நுண்ணிய நான்கு சைபர் எஃகு நார் மட்டும், அதுவும் எண்ணெயோடு.

கொப்புளம் உரிந்து இரும்பு தெரிகிற தலையை, பைக் சைலன்சருக்குக் குரோமிங் போடும் பட்டறையில் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் பதில். முலாமுக்கு முன் அவர்கள் சக்கரத்தில் தேய்ப்பதில் எழுத்துகளும் கோட்டின் ஓரங்களும் கரையும், எடை குறையும். மேலே ஏற்றும் கனமான நிக்கல் கோடுகளை நிரப்பும். இரும்பு தெரிந்தபடியே எண்ணெய் பூசி ஆடுவது மேல்.

கிரிப் மாற்றுவது வீட்டு வேலை. பழைய ரப்பர் கண்ணாடி போல இறுகியிருக்கும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து, பழைய டேப்பையும் பிசினையும் மண்ணெண்ணெயால் எடுத்துவிடுங்கள். இந்தச் சமயத்தில் ஷாஃப்டுக்குள் சில துளி எண்ணெய் விட்டு உருட்டி, தலைகீழாக வைத்து வடித்தால் உட்துரு தள்ளிப்போகும். வெளிப்புறத்தை டர்பன்டைனால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு இரட்டைப் பக்க டேப்பை ஒரு சுற்று ஒட்டுங்கள். புதுக் கிரிப்பின் நுனித் துளையை விரலால் மூடி உள்ளே டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் வழியவிட்டு, ஒரே மூச்சில் தள்ளி, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து வைத்துவிடுங்கள். ஒருநாள் காய வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுங்கள், இல்லையென்றால் வீச்சில் கிரிப் சுழலும். நம் ஊர் வியர்வைக்கு நூல் கலந்த கார்டு கிரிப் நல்லது. பழைய கிரிப்பைவிட 5 கிராம் கூடினால் தலை ஒரு ஸ்விங்வெயிட் (வீசும்போது உணரும் தலை எடையின் அளவு) புள்ளி இலேசாகத் தோன்றும். தலையின் பின்புறம் 2 கிராம் ஈய டேப் ஒட்டினால் சரியாகிவிடும்.

ஷாஃப்ட் மாற்ற வேண்டுமென்றால் முதலில் கழுத்தில் ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய செட்டுகளில் குறுக்கே ஒரு சிறு ஆணி அடித்து, மேலே தேய்த்து மறைத்திருப்பார்கள். அதைத் தட்டி எடுக்காமல் சூடு காட்டி முறுக்கினால் ஷாஃப்ட் உள்ளேயே முறியும். ஆணி வெளியே வந்தபின் ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்குங்கள். குரோம் மஞ்சளாகவோ நீலமாகவோ மாறினால் சூடு அதிகம். புது ஷாஃப்ட் வாங்குமுன் துளையை அளப்பது அவசியம்: 0.355 அங்குலக் கூம்பு முனையும் 0.370 அங்குல நேர் முனையும் ஒன்றுக்கொன்று மாறாது. ஒட்ட அரால்டைட்டின் சாதாரண வகை போதும், ஒருநாள் அசைக்காமல் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அடியின் அதிர்வைத் தாங்காது.

மென்மையான எஃகு என்பதால் இந்தத் தலைகளை வளைக்கலாம், அது பெரிய வசதி. இரண்டு பாகைக்கு மேல் போகாதீர்கள், கழுத்தோரம் குரோம் வெடிக்கும். லாஃப்டை ஒரு பாகை குறைத்தால் பவுன்ஸும் ஒரு பாகை குறைகிறது. ஏற்கெனவே பவுன்ஸ் குறைந்த தலை ஆதலால், தூரத்துக்காக லாஃப்டைக் குறைப்பது தோண்டுவதை விலைக்கு வாங்குவது. லை மட்டும் திருத்துங்கள். பழைய செட்டுகள் இன்றையவற்றைவிட ஓரிரு பாகை படுத்திருக்கும். அடிப்பகுதியில் டேப் ஒட்டி, பிளைவுட் பலகை மேலிருந்து சில பந்து அடித்தால் டேப்பில் தேய்மானம் தெரியும். நுனிப் பக்கம் தேய்ந்தால் கிளப்பை நிமிர்த்த வேண்டும், குதிகால் பக்கம் தேய்ந்தால் படுக்க வைக்க வேண்டும். அளவுக் கருவியும் வளைக்கும் கம்பியும் உள்ளவரிடம் கொடுப்பதே பாதுகாப்பு. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் லேத் பட்டறையில்தான் முடியும் என்றால், வைஸின் பற்களுக்குப் பித்தளைத் தகடு வைக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்ட விடாதீர்கள்.

பயிற்சிக்கு விலை கொடுத்து வலை தருவிக்க வேண்டியதில்லை. கடலூர்த் துறைமுகத்திலோ தேங்காய்த்திட்டிலோ நைலான் மீன்வலை கிடைக்கும். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர், கண் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இரண்டு அடுக்காக, விறைக்காமல் தொய்வாகத் தொங்கவிடுங்கள். விறைத்துக் கட்டினால் பந்து திரும்பி முகத்துக்கு வரும். கடற்கரை மணலில் பயிற்சி வேண்டாம்: ஆட்களுக்கும் ஆபத்து, முலாமுக்கும் கேடு.

எந்தச் செட் என்று கேட்டால், முதல் பிளேடு வாங்குபவருக்கு மிசுனோ எம்பி-33. 2002இல் வந்தது, ஏழாம் நம்பர் சுமார் 35 பாகை, நம்பர் குழப்பம் குறைவு, ஷாஃப்ட் மாற்றுவதும் சுலபம். அதே கம்பெனியின் எம்பி-14, எம்பி-29 இன்னும் அழகு. 1997 மாஸ்டர்ஸில் டைகர் உட்ஸ் பையில் இருந்தவை என்பதால் கேட்கும் விலையும் ஏறிவிட்டது. வில்சன் ஸ்டாஃப் எஃப்ஜி-17 1980களின் செட்டுகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது. மேல்விளிம்பு மெலிது, நடுவில் படும்போது வரும் அந்தத் தடித்த சத்தம் வேறு எதிலும் இல்லை. மெக்ரெகரில் தலைகள் இன்னும் சிறியவை, கை தேறியவருக்கு மட்டும். ஹோகன் அபெக்ஸ் வாங்கும்போது ஷாஃப்டில் உள்ள எண்ணைப் பாருங்கள்: 3 என்றால் ரெகுலர், 4 என்றால் ஸ்டிஃப், 5 அதைவிட விறைப்பு. அந்தச் செட்டில் பிட்சிங் வெட்ஜைக் காணோமே என்று தேட வேண்டாம், ஆங்கில ‘ஈ’ எழுத்துப் பொறித்திருப்பதுதான் அது. லாஃப்ட் சுமார் 50 பாகை. அதற்கடுத்து மணற்குழிக்கான 56 பாகை சாண்ட் வெட்ஜ் ஒன்று, பவுன்ஸ் 12 பாகைக்குக் குறையாமல் பார்த்துப் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.